வன்னிக்கு ஏற்ற கையடக்க ஜிபிஎஸ்: தெரிவு செய்வது, சோதிப்பது, பழகுவது

ஆடி, ஆவணி விடுமுறைக்குக் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வரும் பிள்ளைகள் சிலர் ஜியோகாஷிங் என்ற விளையாட்டையும் கூடவே கொண்டுவருகிறார்கள். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறு கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை 2000 மே 2ஆம் திகதி நிறுத்தியது. அதுவரை நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே நாளில் பத்து, இருபது மீற்றருக்குள் வந்தன. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டு அங்கே தொடங்கியது.

ஜிபிஎஸ் வாங்க நினைப்பவர்கள் விளையாட்டுக்காரர் மட்டுமில்லை. பட்டி மாடு தேடுகிறவர், தேனுக்குப் போகிறவர், குளங்களில் அளவை வேலை செய்கிறவர், களப்பில் வலை போடுகிறவர் என்று எல்லோருக்கும் இந்தக் கருவி உதவும். ஆனால் வெளிநாட்டு வழிகாட்டிகளை வாசித்துவிட்டு வாங்கினால் பிழையாகப் போகும். அவை பெரும்பாலும் இலக்கை எவ்வளவு துல்லியமாகக் காட்டும் என்பதையே முதலில் பார்க்கும். வன்னியில் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போன தடத்தைக் கருவி ஒழுங்காகப் பதிந்து, அதே தடத்தால் உங்களைத் திருப்பிக் கூட்டிவருமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஏன் தடம் முதலில்

ஜிபிஎஸ் அம்புக்குறிக்கு நேர்கோடு மட்டும்தான் தெரியும். ஒட்டுசுட்டான் பக்கமோ நெடுங்கேணிப் பக்கமோ "இலக்கு 400 மீற்றர்" என்று அது காட்டினால், உண்மையான வழி குளக்கட்டைச் சுற்றி இரண்டு கிலோமீற்றராக இருக்கலாம். கோடையில் டிராக்டர் ஓடிய அலைகரை, மாரியில் இடுப்பளவு தண்ணீராகிவிடும். யாரும் திரும்பி வராத வளவுகளில் பற்றை மூடிய கட்டில்லாக் கிணறுகள் இருக்கின்றன. பின்னேரத்தில் குளத்துக்கு இறங்கும் யானையின் வழி வேறு.

இவற்றுக்கெல்லாம் மேலே மிதிவெடி. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது; ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக நிலத்தைத் துப்புரவாக்கி வருகின்றன. ஏராளமான நிலம் விடுவிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஆட்கள் புழங்காத காட்டுக்குள் அம்புக்குறி காட்டுகிறது என்பதற்காகத் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. சிவப்பு அடையாளம் போட்ட மரத்தையோ மண்டையோட்டுப் பலகையையோ கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். பலகை இல்லை என்பதும் அனுமதி ஆகாது. மாடு மேய்க்கிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் நாளாந்தம் நடக்கும் தடமா என்று ஊராரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். எந்தக் கருவியும் இதைச் சொல்லாது.

போன் போதாதா?

பலருக்குப் போதும். இன்றைய நடுத்தர விலைப் போன்களே ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று நான்கு செய்மதித் தொகுதிகளையும் பிடிக்கின்றன. சிலவற்றில் ஒரே செய்மதியை இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் இரட்டை அலைவரிசை வசதியும் உண்டு. ஓஎஸ்எம் ஆண்ட், ஓர்கானிக் மாப்ஸ் போன்ற செயலிகளில் இலங்கை வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால், காட்டுக்குள் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை. கருவி செய்மதியைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஜியோகாஷிங்குக்கு ஆண்ட்ராய்ட் போனில் சி-ஜியோ செயலி நன்றாகவே இருக்கிறது.

போன் சறுக்கும் இடங்கள் மூன்று. சோளகக் காலத்து மத்தியான வெயிலில் திரை சூடேறி மங்கிவிடும். வியர்த்த விரலுக்கும் மழைத் துளிக்கும் தொடுதிரை சரியாகப் பணியாது. அப்புறம் பற்றரி. நாள் முழுக்கத் தடம் பதிந்துகொண்டே இருந்தால், அவசரத்துக்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டிய நேரத்தில் போன் செத்திருக்கும். இந்த மூன்றாவதுதான் தனிக்கருவிக்குப் பணம் செலவழிக்க நியாயமான காரணம். மாதத்தில் ஒருநாள் இரணைமடுக் கட்டில் காலாற நடக்கிறவருக்குப் போனும் பவர் பாங்கும் தாராளம்.

எதைப் பார்த்து வாங்குவது

முதலில் பற்றரி. கருவிகள் இரண்டு வகை: கழற்றிப் போடும் ஏஏ பற்றரி, உள்ளேயே பொருத்திய லிதியம் பற்றரி. வன்னிக்கு நான் ஏஏ பக்கம். பென்ரோச் பற்றரி என்று கேட்டால் மாங்குளத்திலும் கிடைக்கும், மல்லாவியிலும் கிடைக்கும். ஆனால் மலிவான சாதாரணப் பற்றரி சீக்கிரம் படுத்துவிடும். அல்கலைன் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். அடிக்கடி போகிறவர், மீள மின்னேற்றும் நிக்கல் வகையில் இரண்டு சோடி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். எந்த வகைப் பற்றரி போட்டிருக்கிறீர்கள் என்பதைக் கருவியின் அமைப்பில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று காட்டும் அளவு பொய்யாகும். உள்ளே பொருத்திய லிதியம் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளில் அந்தப் பற்றரி தளர்ந்தால் மாற்ற ஆள் தேட வேண்டும்.

அடுத்தது திரை. கடைக்குள் பளபளப்பாகத் தெரியும் திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். கையடக்க ஜிபிஎஸ் திரைகள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வகை. கடையில் மங்கலாகவும் வெயிலில் தெளிவாகவும் இருக்கும். அதனால் வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். தொடுதிரையா பொத்தானா என்றால் பொத்தான்தான். மழைக்கும், சேறு பட்ட கைக்கும், நடந்தபடி ஒரு கையால் இயக்குவதற்கும் அதுவே தோதானது.

இனி செய்மதி பிடிக்கும் திறன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விலை ஏறுவதும் விளம்பரம் ஏறுவதும் இந்த இடத்தில்தான். ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து அனுப்பும் சமிக்ஞை தரைக்கு வரும்போது மிகவும் பலவீனமாகிவிடும். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டில் இலைகள் அதில் ஒரு பங்கை விழுங்கும். மழைக்குப் பின் நனைந்த இலைகள் இன்னும் கூடுதலாக விழுங்கும். தடித்த மரங்களில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை கருவியைக் குழப்பும். நான்கு தொகுதிகளையும் பிடிக்கும் கருவிக்குத் தலைக்கு மேல் கூடுதல் செய்மதிகள் கிடைப்பதால் இந்தக் குழப்பம் குறையும். இரட்டை அலைவரிசை, அதாவது எல்1, எல்5 இரண்டையும் கேட்கும் கருவி, தெறித்து வரும் சமிக்ஞையை இன்னும் நன்றாகப் பிரித்தறியும்.

நமக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. வன்னி பூமியின் காந்த மத்திய கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அதனால் வளிமண்டலத்தின் மேலே உள்ள அயன மண்டலம், பொழுது பட்டதிலிருந்து நடுச்சாமம் வரை சில நாட்களில் கலங்கி, செய்மதிச் சமிக்ஞையை நடுங்கவைக்கும். மார்ச்சை ஒட்டியும் செப்டெம்பரை ஒட்டியும் இது கூடுதல். சூரியனின் செயற்பாடு உச்சத்துக்கு வரும் ஆண்டுகளில் இன்னும் கூடுதல். இரவு ஏழு எட்டு மணிக்கு நின்ற இடத்திலேயே புள்ளி அலைந்தால் கருவி பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். காலையில் மறுபடி பாருங்கள். முக்கியமான புள்ளிகளைப் பகலில் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டை அலைவரிசை அயன மண்டலத்தால் வரும் சாதாரணத் தாமதத்தைச் சரிசெய்யும். இந்த நடுக்கத்துக்கு அதுவும் முழு மருந்தில்லை.

திசைகாட்டி விடயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மின்திசைகாட்டி இல்லாத ஜிபிஎஸ், நீங்கள் நடக்கும்போது மட்டும்தான் திசை சொல்லும். நின்றால் அம்பு கண்டபடி திரும்பும். பெட்டி தேடும் விளையாட்டில் கடைசிப் பத்து மீற்றர் முழுக்க நின்று பார்ப்பதுதான். ஆகவே மூவச்சுத் திசைகாட்டி உள்ளதை எடுங்கள். பற்றரி மாற்றியதும் அதை மறுபடி சரிப்படுத்த வேண்டும். கருவியை மூன்று பக்கமும் மெதுவாகச் சுற்றச் சொல்லும்.

காற்றழுத்த உயரமானி மலைநாட்டில் பயன்படும். வன்னி தட்டை நிலம். அதற்கென்று மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம். கமெராவும் அப்படித்தான்.

எந்த மாதிரி

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்காக, கார்மின் நிறுவனத்தின் வரிசையிலிருந்து சில. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் 2019இல் வந்தது. இரண்டு ஏஏ பற்றரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும், வரைபடம் போடலாம், மெமரி கார்ட் உண்டு. திசைகாட்டி மட்டும் இல்லை. அதே குடும்பத்து 32எக்ஸில் திசைகாட்டியும் உயரமானியும் சேர்ந்தே வருகின்றன. 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ கறுப்பு வெள்ளைத் திரையோடு, இரண்டு ஏஏ பற்றரியில் 168 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. திசைகாட்டி உண்டு, நான்கு செய்மதித் தொகுதிகளும் உண்டு. வரைபடம் மட்டும் போட முடியாது. நடந்த கோடும் குறித்த புள்ளிகளும் தெரியும், பின்னணி வெறுமையாக இருக்கும்.

விலை கூடினால் ஜிபிஎஸ்மாப் 65எஸ்: இரட்டை அலைவரிசை, ஏஏ பற்றரி, வரைபடம். பற்றரி ஆயுள் 16 மணி நேரம்தான். ஜிபிஎஸ்மாப் 67 நீண்ட நாள் ஓடும், ஆனால் உள்ளே பொருத்திய லிதியம்.

என் தீர்ப்பு இது. மாடு தேடவும், தேனுக்குப் போகவும், வீட்டில் பிள்ளைகளோடு விளையாடவும் எஸ்இ போதும். வன்னிக் காட்டின் தடங்கள் எப்படியும் பெரும்பாலான வரைபடங்களில் இல்லை. நீங்கள் பதியும் தடம்தான் உங்கள் வரைபடம். குளங்கள், வாய்க்கால்கள், ஒதுக்குக் காட்டின் எல்லைகள் திரையில் தெரிய வேண்டிய தொழில்காரர் 32எக்ஸ் அல்லது 65எஸ் பக்கம் போகட்டும்.

செய்மதி மூலம் செய்தி அனுப்பும் இன்ரீச் வகை வேறு கதை. அது ரேடியோ அலை அனுப்பும் கருவியும் கூட. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்காமல் கொண்டுவர வேண்டாம். சென்னை வழியாக வருகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்: அனுமதி இல்லாத செய்மதித் தொடர்புக் கருவிகள் இந்தியாவில் தடை, விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் கருவி

மாமா லண்டனில் இருந்து அனுப்பும் கருவியில் ஐரோப்பாவின் வரைபடம் இருக்கும், இலங்கை இருக்காது. பதற வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மாப் தரவிலிருந்து கார்மினுக்கென்று செய்த இலவச வரைபடங்கள் இணையத்தில் உண்டு. அந்தக் கோப்பை மெமரி கார்டில் கார்மின் என்ற அடைவுக்குள் போட்டால் சரி. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் போன்ற குளங்களும் ஏ9 வீதியும் தெளிவாகத் தெரியும். காட்டுத் தடங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள்: செய்மதிப் படத்தைப் பார்த்து எங்கோ இருந்து வரைந்தவையும் அவற்றில் உண்டு.

நாடு மாறி வந்த கருவியை முதன்முதல் போடும்போது வெட்ட வெளியில் கால் மணித்தியாலம் விடுங்கள். எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியலையும் வானிலிருந்து வாங்க அதற்குப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். உடனே இடம் காட்டவில்லை என்று அணைத்து அணைத்துப் போட்டால் அது திரும்பத் திரும்ப முதலில் இருந்துதான் தொடங்கும்.

பழைய கருவி வாங்குபவர்கள் பற்றரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி வாயை மூடும் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் தாங்கும் என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருப்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்குத்தான், அதுவும் ரப்பர் நன்றாக இருந்தால்.

வாங்கியதும் செய்ய வேண்டிய அமைப்பு

ஆள்கூறு, அதாவது அகலக்கோடு நெடுங்கோட்டு எண்கள், எழுதும் முறையில்தான் பெரிய விபத்து நடக்கும். கிளிநொச்சி நகரம் வடக்கு 9.38 பாகையில் இருக்கிறது. இதை 9 பாகை 38 நிமிடம் என்று கருவியில் அடித்தால், ஏறக்குறைய 28 கிலோமீற்றர் வடக்கே, ஆனையிறவையும் தாண்டிப் போய் நிற்பீர்கள். சரியான எழுத்து 9 பாகை 22.8 நிமிடம். போன் வரைபடங்கள் பெரும்பாலும் தசமப் பாகையில் தரும். ஜியோகாஷிங் பாகையும் தசம நிமிடமும் கலந்து எழுதும். உங்கள் தேவைக்கு ஒன்றைத் தெரிந்து, கருவியிலும் போனிலும் ஒன்றையே வையுங்கள். தசம நிமிடத்தில் மூன்றாம் தானம் மாறினால் வடக்குத் தெற்காக இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். அதற்கு மேல் எழுதுவது வீண்.

அடுத்தது ஆதாரத் தளம், அதாவது அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எந்த அடிப்படையில் அளப்பது என்பது. கருவியில் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாள் வரைபடங்கள் கண்டவளை ஆதாரத் தளத்தில் அமைந்தவை. அந்த எண்களை அப்படியே கருவியில் அடித்தால் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளிப்போகும். தாள் வரைபடத்தில் வேலை செய்கிறவர் மட்டும், வேலை முடிந்ததும் திருப்பி மாற்ற மறக்காமல், ஆதாரத் தளத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தடப்பதிவைத் தானாகத் தொடங்கும்படி வையுங்கள். காட்டுக்குள் பத்து மீற்றருக்கு ஒரு புள்ளி என்பது நல்ல அளவு. நேரத்தை வைத்துப் பதிந்தால், நீங்கள் மரத்தடியில் இளைப்பாறும்போது புள்ளி அலைந்து, திரையில் நூல் பந்து போலச் சிக்கிக் கிடக்கும்.

பழகும் ஒழுங்கு

வீட்டு முற்றத்தில் தொடங்குங்கள். கிணற்றடியில் நின்று ஒரு புள்ளி குறியுங்கள். ஊரைச் சுற்றி வந்து, கருவி காட்டும் இடத்தில் நில்லுங்கள். எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ அதுதான் வெட்ட வெளியில் அதன் உண்மையான குணம். திரையில் "துல்லியம் 3 மீற்றர்" என்று வருவது கருவியின் கணிப்பு, உத்தரவாதம் இல்லை. இதையே ஒரு பெரிய மரத்தோப்புக்குள் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிடிக்கும் விதமும் முக்கியம்: ஈட்ரெக்ஸ் வகையை முகம் வானம் பார்க்கத் தட்டையாகவும், மேலே குட்டிக் கொம்பு உள்ள ஜிபிஎஸ்மாப் வகையை நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் துல்லியம் தேடக் கூடாது.

அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒரு குளக்கட்டில் நடங்கள். துருசில் ஒரு புள்ளி, கலிங்கில் ஒரு புள்ளி. கட்டின் மறுமுனையில் தடம் திரும்பும் வசதியைப் போட்டு, திரையில் உள்ள கோட்டை மட்டும் பார்த்துத் திரும்பி வாருங்கள். கோட்டின் மேலேயே நடக்கும் பழக்கம் கைவந்த பிறகுதான் காடு. காட்டுக்குள் இறங்கும் முன் வண்டி விட்ட இடத்தைக் குறிக்க வேண்டும். தடம் பிரியும் ஒவ்வொரு சந்தியையும் குறிக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிடுங்கள். மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்கள் ஆனவை. ஒதுக்குக் காடுகளும் வனத் திணைக்களத்துக்குரியவை. அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. காட்டு ஓரத்தில் கையில் ஜிபிஎஸ்ஸோடு நிற்கிற ஆளைப் பாதுகாப்புப் படையினர் விசாரிப்பதும் வழமை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கருவியைக் காட்டி விளக்கத் தயங்க வேண்டாம்.

பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இந்த விளையாட்டுக்குப் பிரபலமான பெட்டி, பழைய இராணுவ வெடிமருந்துப் பெட்டி. மழை புகாது, நெடுங்காலம் இருக்கும். வன்னியில் அதைக் கனவிலும் நினைக்காதீர்கள். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, அறியாத பொருளைத் தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்றுதான் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பற்றைக்குள் ஒளித்த பெட்டியைத் திறந்து பார் என்று ஒரு விளையாட்டு அதைத் தலைகீழாக்கக் கூடாது. சாதாரண பிளாஸ்டிக் டப்பாவையே யாராவது கண்டால் பொலிஸும் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவும் வரும் நிலைமைதான்.

பெட்டியே இல்லாத எர்த்காஷ் என்ற வகை இங்கே பொருந்தும். 2004இல் தொடங்கிய முறை அது. ஒரு நிலவியல் காட்சிக்கு ஆட்களை வரவழைத்து, அங்கே பார்த்ததை வைத்து சில கேள்விகளுக்குப் பதில் எழுதச் செய்வது. நாயாற்றுக் களப்பின் மணல் திட்டு, கொக்கிளாய் முகத்துவாரம், பூநகரியின் மணற்பரப்பு என்று வீதியிலிருந்தே பார்க்கக்கூடிய இடங்கள் தாராளமாக இருக்கின்றன. மாரியில் முகத்துவாரம் திறப்பதையும் கோடையில் மணல் அடைப்பதையும் வைத்தே நல்ல கேள்விகள் எழுதலாம். முள்ளிவாய்க்கால் பக்கம் மட்டும் எந்த விளையாட்டும் வைக்க வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

பெட்டிதான் வேண்டும் என்றால் சொந்த வளவில், படலைக்குப் பக்கத்தில், வெளியே தெரியும் பெயரோடு வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பா, தமிழிலும் சிங்களத்திலும் "விளையாட்டுப் பெட்டி" என்று எழுதிய ஒரு தாள், அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே ஒரு சொல். விளையாட்டின் விதிகளும் இதற்குத் தோதானவை: காணிக்காரரின் சம்மதம் வேண்டும், அவர் வெளிப்படையாக அனுமதிக்காமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும். ஆள்கூற்றோடு சேர்த்து, எந்தத் தடத்தால் வர வேண்டும், எங்கே வண்டியை விட வேண்டும் என்பதையும் விவரமாக எழுதுங்கள். வருகிறவர் கையில் இருக்கும் அம்புக்குறிக்கு உங்கள் ஊரின் வேலியும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது.